மரியதாஸ் மச்சானின் கைப்பட்டை

என் அக்காவைக் கட்டிய மரியதாஸ் மச்சான் கையில் எதையும் கட்ட மாட்டார். கடிகாரம் கிடையாது, கயிறு கிடையாது, கல்யாண மோதிரம்கூடக் கிடையாது. வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்கள் ஆசையாகக் கையில் மாட்டும் செபமாலை கொடுத்தால், உதட்டில் ஒற்றி முத்தி செய்து சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். ஒரு தடவை மஞ்சள் காமாலை என்று ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பெயர் எழுதி மணிக்கட்டில் மாட்டிய பட்டையை யாருக்கும் தெரியாமல் கழற்றிக் கட்டில் கம்பியில் சுற்றி வைத்துவிட்டார். காலையில் வந்த நர்ஸ், காமாலை கட்டிலுக்கா உங்களுக்கா என்று கேட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிற யாரும் கையில் எதையும் மாட்டிக்கொண்டு வலைப்பக்கம் நிற்க மாட்டார்கள். வலை கடலுக்குள் பாயும்போது அதற்குக் கண்மண் தெரியாது. மோதிரம் ஒரு கண்ணியில் சிக்கினால் போதும், ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். புது மாப்பிள்ளையான மச்சானுக்கு மோதிரத்தைக் கழற்ற மனசு வரவில்லை. கல்யாணமாகி முதல் தடவை கடலுக்குப் போனபோதே இடது கை மோதிர விரல் பாதியோடு போய்விட்டது. மோதிரம் வலையில் மாட்டிக்கொண்டு பத்திரமாகக் கரைக்கு வந்தது. விரல்தான் வரவில்லை. அந்த மோதிரம் இன்றைக்கும் அக்கா வீட்டில் மாதா சுரூபத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது.

என் பெயர் டென்னிஸ். பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதைக் கேட்டுவிட்டு வருமா வராதா என்று நீங்களே சொல்லுங்கள்.

மச்சானுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்குப் பெரிய கோபம். நடுக்கடலில் காற்று திரும்பிப் படகு சாய்ந்தபோது பதறாமல் சுக்கான் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்த ஆள். கரைக்கு வந்துவிட்டால், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட சின்னப் பையனைக் கண்டாலும் எழுந்து நிற்பார். பாங்கிலும் சரி, ரேஷன் கடையிலும் சரி, யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான். "சரிங்க."

அவருக்கு ஒரே மகள், ஆஸ்லின். எங்கள் கோயில் பாடற்குழுவில் அவள் குரல் தனியாகத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள். மச்சான் மட்டும் அதைத் தனியாகக் கேட்டது கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கேட்பதெல்லாம் மொத்தக் கும்பலின் பாட்டு. பள்ளிக்கூடப் போட்டியில் அவள் தனியாகப் பாடிப் பரிசு வாங்கிய நாளெல்லாம் இவர் கடலில் கிடப்பார். வீட்டில் பாடிக்கொண்டிருப்பாள், இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொள்வாள். அய்யா முன்னால் பாட வெட்கமாம். போனில் பிடித்து வைத்திருக்கிறேன், கேளுங்கள் என்று நான் நீட்டினேன். "வேண்டாம் மாப்ளே. அது போன் பாடுற மாதிரி இருக்கும். பிள்ள பாடுறதை நேர்ல கேட்டுக்கிறேன்" என்றார்.

அதற்கு ஒரு நாளும் வந்தது. மண்டபத்துக்கு மேற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய வடகடல் கரையில், சென்னைக் கம்பெனி ஒன்று பெரிய இசைத் திருவிழா நடத்தியது. மேடைப் பாட்டுக்கு உள்ளூர்ப் பிள்ளைகளின் குரலும் வேண்டும் என்று எங்கள் பாடற்குழுவைக் கூப்பிட்டார்கள். ஒரு கடல் பாட்டில், புல்லாங்குழல் வாசித்து முடிந்ததும் வரும் நாலு வரியை ஆஸ்லின் மட்டும் தனியாகப் பாட வேண்டும். மே மாதம், மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. மச்சானுக்குக் கடல் என்று ஒரு சாக்கு இல்லை. இந்த நாலு வரியைக் கேட்காவிட்டால் பிறகு எப்போது கேட்கப்போகிறோம் என்று நோன்பு இருப்பவரைப்போல நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே மாதம் மாதாவின் வணக்க மாதம். அந்தியானால் கோயிலில் பாட்டு, அது முடிந்ததும் இந்த மேடைக்கு ஒத்திகை. பாவம், பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சூடாக ஏதாவது இறங்கினால் கொஞ்ச நேரம் குரல் திறக்கும், பிறகு மறுபடி கம்மிவிடும். அதனால் விழாவன்று அக்கா சுக்கும் மிளகும் தட்டி, கருப்பட்டி போட்டு, ஒரு ஃபிளாஸ்க் நிறையக் காப்பி எடுத்துக்கொண்டாள். மேடை ஏறுவதற்கு முன்னால் குடித்தால் போதும், நாலு வரி தாங்கும் என்பது கணக்கு. பாடுகிற பிள்ளைகளை வேனில் முன்னாலேயே கூட்டிப் போய்விட்டார்கள். அக்காவையும் மச்சானையும் நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன்.

சனியன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. காவலுக்கு நின்ற ஆள் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டார்.

"வெளியிலேர்ந்து எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா."

"இது எங்களுக்கு இல்லய்யா. மேடையில பாடுற பிள்ளைக்கு. தொண்ட கட்டியிருக்கு" என்றாள் அக்கா.

"உள்ளயே எல்லாம் கிடைக்கும். போகும்போது வாங்கிக்கங்க."

பக்கத்து மேசையில் இப்படிப் பறித்து வைத்த ஃபிளாஸ்க்கும் தூக்குச்சட்டியும் தண்ணீர் பாட்டிலும் கடை பரப்பினாற்போல இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சான் "சரிங்க" என்று எங்கள் ஃபிளாஸ்க்கையும் அந்த வரிசையில் வைத்துவிட்டார்.

அடுத்த மேசையில் கைப்பட்டை. உள்ளே ரூபாய் நோட்டு செல்லாதாம். நாம் கொடுக்கிற பணத்தை இந்தப் பட்டைக்குள் ஏற்றிவிடுவார்களாம். கடையில் போய்க் கையைக் காட்டினால் மெஷின் அதுவாக எடுத்துக்கொள்ளுமாம். துணிப்பட்டை, நடுவில் பொத்தான் மாதிரி ஒரு வில்லை. ஒரு பக்கம் இழுத்தால் இறுகும், மறுபக்கம் வராது. குடும்பத்துக்கு ஒரு பட்டையில் பணம் போட்டால் போதும் என்று அங்கே இருந்த பெண் சொன்னது. குடும்பத் தலைவர் என்று மச்சான் பட்டையில் ஆயிரம் ரூபாயை ஏற்றினோம். எனக்கும் அக்காவுக்கும் கட்டியது உள்ளே நடமாட மட்டும், அதில் காசு இல்லை.

மச்சான் கையை நீட்டவே யோசித்தார். "இதைக் கழட்டிக்கிறலாமா தாயி?" என்று கேட்டார்.

"கழட்ட முடியாது சார். வெட்டித்தான் எடுக்கணும்."

"சரிங்க" என்றார். அந்தப் பெண் இழுத்து இறுக்கியது. மச்சான் முகம் ஊசி போட்ட பிள்ளை முகம் மாதிரி ஆனது.

உள்ளே போனதிலிருந்து அந்த வலது கை அவருடைய கையாகவே இல்லை. உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே நடந்தார். உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வேர்த்து ஊற்றியது. "இரவல் வாங்கின கையா மச்சான், இப்படித் தூக்கிக்கிட்டுத் திரியிறீங்க?" என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை. மேடைப் பக்கம் நாலு பேர் கயிறு போட்டு ஒரு பெரிய பேனரை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பிடி விட்டதும் கயிறு சரசரவென்று எங்கள் காலடியில் ஓடியது. மச்சான் துள்ளி எழுந்து கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தக் கயிறு அவரைத் தொடக்கூட இல்லை.

"கொஞ்ச நேரந்தானே, பொறுத்துக்கங்க" என்றாள் அக்கா.

"ஒன்னுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்து போனார். திரும்பி வரும்போது கை வெறுங்கையாக இருந்தது, முகமும் தெளிந்திருந்தது.

"மச்சான், பட்டை எங்க?"

"பையில கெடக்கு மாப்ளே. செபமாலையோட பத்திரமா வச்சிருக்கேன்."

"யாரு கழட்டுனா?"

"அங்கன எளநிக்காரர் நிக்கிறார்ல. கையை நீட்டுனேன். அருவா நுனியில ஒரு இழுப்பு. தோல்ல படல."

"கழட்டக் கூடாதுன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சே மச்சான்."

"வெட்டி எடுக்கணும்னுதான சொல்லுச்சு. வெட்டித்தான் எடுத்தேன். காசு கையில இருந்தா என்ன, பையில இருந்தா என்ன."

எனக்கும் அப்போது அதில் தப்பொன்றும் தெரியவில்லை. பணம் என்றால் பையில் இருக்க வேண்டிய பொருள்தானே. பணத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு அலைகிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கு இருக்கிறது?

பாடுகிறவர்களுக்கு என்று மேடைக்குப் பக்கத்தில் கம்பி போட்டு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் கம்பி ஓரமாக ஆஸ்லின் வந்து கையாட்டினாள். கிட்டே போனோம். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது.

"ஃபிளாஸ்க்கு எங்கம்மா?"

"வாசல்ல பறிச்சுக்கிட்டாங்கடி."

"உள்ள ஐஸ் தண்ணிதான் வச்சிருக்காங்க. சூடா ஏதாச்சும் வாங்கித் தாங்கய்யா. குடிச்சாத்தான் மேல எடுக்க வரும்." பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். "புல்லாங்குழல் முடிஞ்ச ஒடனே எனக்கு நாலு வரி. மறந்துறாதீங்க."

"மறப்பனா தாயி. இந்தா, வாங்கிட்டு வாரேன்" என்று மச்சான் அந்தக் கூட்டத்தில் ஓட ஆரம்பித்தார். மேடையில் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். இவர்கள் பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.

சுக்குக் காப்பிக் கடை ஒன்றே ஒன்று. வரிசையில் நின்று, தள்ளுப்பட்டு, ஒரு வழியாக முன்னால் போய்ச் சேர்ந்தோம். கடையில் நின்ற பெண்ணின் சட்டையில் பானுப்பிரியா என்று பெயர் குத்தியிருந்தது. கப்பில் காப்பியை ஊற்றிவிட்டது. ஆவி பறக்கிறது, வாசனை வருகிறது. "கையைக் காட்டுங்க சார்" என்றது. மச்சான் பையிலிருந்து பட்டையை எடுத்து, செபமாலையிலிருந்து சிக்கல் பிரித்து, மெஷின் மேல் வைத்தார். டிங் என்று சத்தம். பச்சை விளக்கு எரிந்தது. பணம் போய்விட்டது. கப்பைத் தூக்க மச்சான் கையை நீட்டுகிறார், அந்தப் பெண் கப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"சார், பட்டை கையில கட்டியிருக்கணும்."

"பச்சை எரிஞ்சிருச்சேம்மா" என்றேன் நான்.

"எரிஞ்சாலும் குடுக்கக் கூடாதுண்ணே. வெட்டுன பட்டைக்குக் குடுத்தா என் சம்பளத்துல பிடிப்பாங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பது இதுதான். மெஷினே சரி என்கிறது, மனுசி முடியாது என்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை, பாவம், அவளும் கூலிக்கு வந்த பிள்ளை. ஆனால் பின்னாலேயே ஒரு மேற்பார்வையாளர் வந்தார். காதில் ஒயர், கையில் வாக்கிடாக்கி. பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது வெட்டியிருக்கு. வேற யாரோட பட்டையாகவும் இருக்கலாம். நாங்க இதை பிளாக் பண்ணணும்."

"யாரோட பட்டையும் இல்ல தம்பி, என்னோடதுதான். நான் கையில எதும் கட்ட மாட்டேன். இதைப் பாருங்க." மச்சான் இடது கையை விரித்து அந்தப் பாதி விரலை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். அந்த விரலை அவர் யாரிடமும் காட்ட மாட்டார். போட்டோ எடுத்தால்கூட மடக்கி வைத்துக்கொள்வார்.

மேற்பார்வையாளர் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். "சாரி சார். ஆனா சிஸ்டம் ஒத்துக்காது" என்றார்.

"சிஸ்டம் ஒத்துக்கிட்டுத்தானய்யா டிங்குன்னு அடிச்சுச்சு" என்று நான் கத்தினேன். "காசை எடுத்துக்கிட்டீங்கல்ல? அந்த ஒரு கப்பைக் குடுத்துட்டுப் பிறகு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. பிள்ள தொண்ட கட்டி நிக்கிது." வரிசையில் நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். பணம் ஆப் வழியாகத் திரும்பி வந்துவிடும் என்றார் அந்த மனிதர். எங்களுக்குப் பணம் வேண்டாம், காப்பி வேண்டும் என்று எத்தனை முறைதான் சொல்வது? அந்தக் காப்பி அங்கேயே மேசை மேல் ஆறிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

அதோடும் விடவில்லை. பட்டை இல்லாதவர் உள்ளே இருக்கக் கூடாதாம். இரண்டு காவலர்கள் வந்து மச்சானுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றுகொண்டார்கள். நான் கையை ஓங்கிவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன். மச்சான் தடுத்தார்.

"வேண்டாம் மாப்ளே. நீயும் வெளிய வந்துட்டா பிள்ளைக்கு யாரு வாங்கிக் குடுக்க?" பையிலிருந்த ரூபாய் நோட்டுகளை எடுத்து என் கையில் திணித்தார். "எப்பிடியாச்சும் சூடா ஒன்னு வாங்கிக் குடுத்துரு." பிறகு காவலர்களிடம் "சரிங்க, வாங்க" என்று அவரே முன்னால் நடந்தார். திருட்டுக் கேசில் பிடித்துப் போவதுபோல அவரை நடத்திக் கொண்டுபோனதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கை நிறைய நோட்டு. ஒரு கப் வெந்நீருக்கு உதவாத நோட்டு. என் பட்டையில் பணம் ஏற்றலாம் என்று உள்ளேயிருந்த கவுண்டருக்கு ஓடினேன். நோட்டு வாங்குவது வாசலுக்கு வெளியே மட்டும்தானாம், உள்ளே போன் வழியாகத்தான் கட்ட வேண்டுமாம். போனை எடுத்தால், கூட்டத்தில் சிக்னல் இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். மானத்தை விட்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கேட்டேன். "நோட்டைத் தாரேன், எனக்காக உங்க கையை ஒரு தடவை காட்டுங்க." பாதிப் பேர் என்னைப் பிக்பாக்கெட் மாதிரி பார்த்துவிட்டு விலகினார்கள். சாயல்குடியிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஹாஜா முகைதீன் என்பவர்தான் நின்று கேட்டார். "பிள்ளைக்கா? நோட்டை உள்ள வைங்க, வாங்க" என்று என்னோடு வரிசைக்கு வந்தார். நல்ல மனுசன்.

எங்களுக்கு முன்னால் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள். மேடையில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னும் மூன்று பேர். இன்னும் ஒருவர். ஹாஜா பாய் கையை மெஷின் மேல் வைத்தார். டிங் வரவில்லை. மறுபடி வைத்தார். துடைத்துவிட்டு வைத்தார். பானுப்பிரியா மெஷினைத் தட்டிப் பார்த்தது. இந்தக் கடையில் மட்டுமில்லை, அந்த வரிசை முழுக்க எல்லாக் கடையிலும் ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒரு மெஷினும் பேசவில்லை. சர்வர் போய்விட்டதாம். அந்த வாக்கிடாக்கி ஆள் ஓடி வந்து, மெஷின் வருகிறவரை யாரும் எதையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லி, கடையின் தார்ப்பாயை இறக்கச் சொன்னார். தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் காப்பி கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"அல்லாஹ் பாத்துக்குவான், நீங்க போயி பாட்டைக் கேளுங்க" என்றார் ஹாஜா பாய். வேறு என்ன சொல்வார்?

வெறுங்கையோடு அக்கா பக்கத்தில் போய் நின்றேன். எட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரி நீலத் தாவணியில் மேடையில் நின்றார்கள். ஆஸ்லின் கடைசியில் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. புல்லாங்குழல் வந்தது, முடிந்தது. மைக்கைப் பார்த்து முன்னால் வந்தது ஆஸ்லின் இல்லை, பக்கத்து வீட்டு ஜெர்லின். நாலு வரியையும் அவள்தான் பாடினாள். குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் பாடினாள். கூட்டம் கைதட்டியது. அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்லின் வரிசையில் நின்று சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு தரம் பாடிப் பார்த்தாளாம். குரல் உடைந்துவிட்டதாம். பாட்டு கெட்டுவிடக் கூடாது என்று அவளே பாடற்குழுவை நடத்தும் சிஸ்டரிடம் சொல்லி ஜெர்லினைப் பாட வைத்திருக்கிறாள்.

பாட்டு முடிந்து பிள்ளைகள் மேடைக்குப் பின்புறப் படியில் இறங்கினார்கள். கம்பி ஓரமாகவே நானும் அக்காவும் ஓடினோம். மேடைக்குப் பின்னால் கொஞ்சம் மணல், அதற்குப் பின்னால் கடல். அந்தக் கடலுக்குள்ளிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தார். நெஞ்சுக்கு மேல் வரை ஈரம். தலைக்கு மேலே தூக்கிய கையில் எங்கள் ஃபிளாஸ்க்.

வெளியே தள்ளப்பட்ட மச்சான், வாசல் மேசையிலிருந்து எங்கள் ஃபிளாஸ்க்கைக் கேட்டு வாங்கியிருக்கிறார். வெளியே போகிறவர்தானே என்று கொடுத்துவிட்டார்கள். அதை வைத்துக்கொண்டு மறுபடி உள்ளே விடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். பட்டை எங்கே என்றார்களாம். அவர்களோடு பேசிப் பயனில்லை என்று தோப்பைச் சுற்றிக் கடற்கரைக்கு நடந்திருக்கிறார். கம்பெனிக்காரர்கள் தகர வேலியைத் தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் இறக்கி நிறுத்தியிருந்தார்கள். அதற்கு மேல் கடலுக்கு வேலி போட அவர்களுக்குத் தெரியவில்லை. வடகடல் அந்த மாதத்தில் குளம் மாதிரி கிடக்கும். இவர் வேலி முடிகிற இடம் வரை இறங்கி, சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். வருகிற வழியில்தான் பாட்டு ஆரம்பித்திருக்கிறது.

ஆஸ்லின் அப்படியே நின்றுவிட்டாள். மச்சான் அவளிடம் வந்து, மூடியைத் திறந்து காப்பியை ஊற்றினார். இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"கேட்டேன் தாயி" என்றார். "நல்லா கேட்டேன். புல்லாங்குழல் முடிஞ்ச ஒடனே காலை ஊனி நின்னுட்டேன். மேடைத்துணி மறைச்சிருச்சு, மொகந்தான் தெரியல. அதனால என்ன. மேல போயி மெல்ல எறங்குன பாரு ஒரு எடம், எனக்கு ஒடம்பே ஆடிப்போச்சு. தொண்ட கட்டியிருக்குன்னு எவன் சொல்லுவான்? ஓங்கொரல் இப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாமலே போச்சே தாயி." கடல் தண்ணீரா கண்ணீரா என்று தெரியாமல் அவர் முகமெல்லாம் நனைந்திருந்தது.

பக்கத்தில் நின்ற ஜெர்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தது. ஆஸ்லின் அதன் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜெர்லின் தலையைக் குனிந்துகொண்டது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சாய்யா?" என்று ஆஸ்லின் கேட்டாள்.

"அதான் சொல்றேன்ல. குடி, ஆறிப்போயிரும்."

அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

திரும்பும்போது மச்சான் பாம்பன் பாலத்தில் வண்டி ஏறுவதற்கு முன்பே தூங்கிவிட்டார். ஏன் புள்ள சொல்லல என்று ஆஸ்லினைக் கண்ணாடியில் பார்த்துக் கேட்டேன். "எப்பிடி மாமா சொல்ல? அய்யா நனஞ்சுபோயி நின்னாக" என்றாள். ஒருவர் மீதும் கேஸ் போட முடியாது. வாசல்காரர் விதியைச் சொன்னார், கடைக்காரப் பெண் சம்பளத்தைச் சொன்னது, மேற்பார்வையாளர் சிஸ்டத்தைச் சொன்னார். எல்லாரும் சாரி சார் என்றுதான் சொன்னார்கள். கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருந்தால்கூட எனக்குப் பாதி ஆறியிருக்கும். பட்டையில் கிடந்த மீதிப் பணம் இன்னும் வரவில்லை. ஆப்பில் எழுதிப் போடுங்கள் என்கிறார்கள். போட்டாயிற்று. அது கிடக்கட்டும், மச்சான் அதைக் கேட்கக்கூட இல்லை.

தடைக்காலம் முடிந்து இப்போது கடலுக்குப் போகிறார். படகில் அவருக்கு வேறு பேச்சே இல்லை என்று கூடப் போகிறவர்கள் சொல்கிறார்கள். என் மகள் நாலு வரி பாடினாள், கடலுக்குள் நின்று கேட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாராம். புதிதாக வந்து சேர்ந்த ஆளுக்கு வலை பழக்குவதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்கிறாராம்.

கரையில் இருக்கிற நாளில் அந்தி சாய்ந்ததும் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைப்பார். முன்பெல்லாம் கேட்கத் தயங்கியவர், இப்போது உரிமையோடு கேட்கிறார். "தாயி, அந்த நாலு வரியை மட்டும் ஒருக்காப் பாடேன்."

பாடினால் தெரிந்துபோகும். அவள் குரல் வேறு, அவர் கேட்டது வேறு.

"தொண்ட இன்னும் சரியாகலய்யா" என்பாள் ஆஸ்லின்.

"சரி தாயி, சரி" என்று மச்சான் உடனே எழுந்து அடுப்படிக்குப் போய், அந்தப் பாதி விரல் கையால் சுக்கைப் பிடித்துக்கொண்டு தட்ட ஆரம்பிப்பார்.